ஒரு மடக்கு

லேபிள் கிழிந்த தண்ணீர் பாட்டில்.
ஒரு லிட்டர். நீல மூடி.
சாம்பிளுக்கென்று அதில் கால்வாசி ஊற்றி வைத்தேன்.
கண்ணாடிக் குடுவை உடைந்து நாலு நாளாகியிருந்தது,
ஸ்டோர் சாவி பழனியப்பனிடம்,
அவர் சீட்டுக்காசு கட்டப் போயிருந்தார்.
இவ்வளவுதான் காரணம்.
இதைவிடப் பெரிதாக ஒன்று இருந்திருக்கலாம் என்று
இன்றைக்கும் தேடுகிறேன்.

வீரபாண்டிப் பிரிவுக்கு உள்ளே நாலாவது சாயப்பட்டறை.
கரண்ட் போன வைகாசி ராத்திரி.
பாய்லர் பக்கமிருந்து வந்த செங்கோடன்
இருட்டில் கை நீட்டி எடுத்தான்.
தண்ணிக்கும் ஆசிட்டுக்கும் ஒரே நிறம்.
மணமுமில்லை.
கொஞ்சம் கனம் கூட;
தாகத்துக்கு எடை தெரியாது.

ஒரு மடக்கு.

அப்புறம் வந்த சத்தத்துக்கு
எழுத்தில்லை.

உப்புத்தண்ணி குடுங்கடா என்றது ஒரு குரல்.
புளியைக் கரைங்க என்றது இன்னொன்று.
வாய்க்குள் விரலை விட்டவன்
அவன் மேல் உயிரையே வைத்திருந்த மச்சினன்.
எறங்கையில் ஒருக்கா சுட்டது,
ஏறையில் மறுக்கா.
"வாந்தி எடுக்க வெச்சது யாரு?"
பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டபோது
மச்சினன் தரையைப் பார்த்தான்.
பாட்டிலில் ஊற்றியது யாரென்று
அவர் கேட்கவில்லை.
அது வைத்தியத்துக்கு வேண்டாத கேள்வி.

பத்தாம் நாள் வீடு வந்தான்.
கோழிச்சாறு குடித்தான், சிரித்தான்.
அங்காளம்மனுக்குக் கெடா நேர்ந்துகொண்டார்கள்.
புண் ஆறிவிட்டதென்றார்கள்.
ஆறத்தான் செய்தது.
ஆறுகிறபோதுதான் சுருங்கும் என்று
எங்களுக்கு யார் சொன்னார்கள்?
மூன்றாம் வாரம் இட்டிலி நின்றது.
ஐந்தாம் வாரம் அரிசிம்பருப்பு, அதைக் குழையக் கரைத்தும்.
ஆடி பிறக்கையில்
தன் எச்சிலையே துண்டில் துப்பிக்கொண்டு
உட்கார்ந்திருந்தான்.

செவ்வாய் விட்டுச் செவ்வாய்
பல்லடத்தில் பஸ் மாறி, சூலூர் தாண்டி
கோயம்புத்தூருக்கு நானும் கூடப் போகிறேன்.
"உனக்கெதுக்குடா இந்த அலைச்சல்" என்பான்,
குரலும் கொஞ்சம் வெந்துபோயிருக்கிறது.
பென்சில் தடிமனில் ஒரு குழாய்,
அதற்கப்புறம் கொஞ்சம் பெருத்தது,
விட்டு விட்டு அகட்டுகிறார்கள்.
அடுத்த தடவைக்குள் தொண்டைக்குழி
பழைய அளவுக்கே திரும்பிவிடுகிறது
பிடிவாதமாக.

பாவாத்தாள் சந்தகை பிழிகிற அன்று
தேங்காய்ப்பாலை மட்டும் அவனுக்கு எடுத்து வைப்பாள்.
பிள்ளைகள் தட்டோடு எழுந்து
வீட்டுக்குப் பொறவால போய்த் தின்பார்கள்.
போகச் சொல்லி யாரும் சொன்னதில்லை.

பட்டறையில் இப்போது போர்டு இருக்கிறது.
சிவப்பு எழுத்து, மண்டையோடு,
தமிழ், இந்தி, ஒடியா.
காலி பாட்டிலை ஓட்டை போட்டுத்தான் வீசுகிறோம்.
முதலாளி மூன்று மாதச் செலவு கொடுத்தார்.
கேட்டால் சொல்லிவிடுவேன் என்று
ஒவ்வொரு செவ்வாயும்
சூலூர் வரைக்கும் வாய்க்குள்ளேயே வைத்திருப்பேன்.
சிங்காநல்லூரில் விழுங்கிவிடுவேன்.
எனக்கு எல்லாம் இறங்குகிறது.

போன வாரம் திரும்புகையில்
பல்லடம் ஸ்டாண்டில் மண்டையைப் பிளக்கிற வெயில்.
"தண்ணி இருக்குதாடா?"
இருந்தது. கடையில் வாங்கியது, சீல் உடைக்காதது.
உடைத்தேன். மோந்து பார்த்தேன்.
முதலில் நான் ஒரு மடக்கு குடித்தேன்.
அவன் கையை நீட்டியபடியே நின்றான்.
எத்தனையோ செவ்வாயாகப் பார்க்கிறான்
நான் இப்படிச் செய்வதை.
ஏனென்று
ஒருநாளும் கேட்டதில்லை.